காவல் பணியிலிருந்து பொதுக் காப்பு வழக்கறிஞர் பணிக்கு

பொதுக் காப்பு வழக்கறிஞர் என்பவர், வழக்கறிஞரை அமர்த்த வசதியற்ற குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக அரசுச் செலவில் வாதாடுபவர் ஆவார். ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய முதல் அலுவலகம் 1914-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் தொடங்கியது. பெருங்குற்ற வழக்குகளில் மாநிலங்கள் இவ்வுதவியை அளித்தே ஆகவேண்டும் என 1963-இல் கிடியன் எதிர் வெயின்ரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காவலர் ஒருவர் இப்பணிக்கு வர, இளநிலைப் பட்டத்துக்குப் பின் வழக்கமாக மூன்றாண்டுச் சட்டப்படிப்பை முடித்து, மாநில வழக்கறிஞர் தேர்விலும் தேற வேண்டும். படிப்பை விடக் கடினமானது பக்கம் மாறுவதே எனலாம். எனினும் பழைய அனுபவம் இங்கு வீணாவதில்லை. கைது அறிக்கைகளைத் தாமே எழுதியவர், அவற்றில் எழுதாமல் விடப்பட்டதையும் கவனிப்பார். வாகனத்தைச் சோதனையிடக் காரணம் என்ன? காவலில் வைத்து விசாரிக்கும் முன், 1966 மிராண்டா தீர்ப்பின்படி, மௌனமாயிருக்கும் உரிமை எடுத்துரைக்கப்பட்டதா? தக்க விடை இல்லையெனில், அவ்வாறு பெற்ற சான்றை விலக்குமாறு நீதிமன்றத்தைக் கோரலாம். ஆனால், காவலராகத் தாம் நேரடியாகப் புலனாய்ந்த வழக்கில் அவர் பொதுவாக வாதாட இயலாது.