தெருப் பள்ளியில் படிப்பு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கம் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை வேனில் ஏற்றி இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்புவதா, பக்கத்துத் தெருவில் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பதா? ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போதும் இதே பேச்சு. "அங்கே படிப்பே இல்லையாமே" என்பார் ஒருவர். "அங்கே யார் படிக்கிறார்கள் என்று பார்த்தீர்களா" என்பார் இன்னொருவர். இரண்டும் வேறு வேறு கேள்விகள். நாம் இரண்டாவதற்குக் கிடைத்த பதிலையே முதலாவதற்கும் பதிலாக எடுத்துக்கொள்கிறோம்.

கரிசல் பூமியின் பள்ளிகளில் யார் படித்தார்கள் என்பதை மழையும் தீப்பெட்டியும்தான் வெகுகாலம் தீர்மானித்தன. வானம் பார்த்த காட்டில் மழை பொய்த்தால் உளுந்தும் இல்லை, பருத்தியும் இல்லை. வீட்டில் உள்ள எல்லாக் கைகளும் தீப்பெட்டி வேலைக்குப் போகும், பிள்ளைகளின் கைகளும்தான். 1956-ல் முதலமைச்சர் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது எட்டயபுரத்தில், நம் உமறுப் புலவர் அடங்கியிருக்கும் அதே ஊரில். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதற்கு இந்த மண்ணைவிடச் சாட்சி வேண்டியதில்லை. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சிறுவர்களை வைத்துக்கொள்ள 1986-ல் சட்டம் தடை போட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம், சிறுவரை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இப்படிக் கூப்பிட்டு உட்கார வைத்த பிள்ளைகளின் மக்களும் பேரப் பிள்ளைகளும்தான் இன்றைக்கு அந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். "யார் படிக்கிறார்கள்" என்று நாம் முகம் சுளிப்பது இவர்களைப் பார்த்துத்தான். சாதி பார்க்காத மார்க்கம் நம்முடையது என்று மேடையில் பேசிவிட்டு, சேர்க்கையின்போது இதைக் கேட்பது நமக்கு அழகா என்பதை அவரவர் மனசாட்சியிடம் விட்டுவிடுகிறோம்.

இனி படிப்புக்கு வருவோம். அதற்கு முன் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். ஒரு பள்ளியில் 63 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று வீட்டார் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டால் மூன்றாவது ஆசிரியர் உபரி ஆகிவிடுவார். ஆகஸ்ட் 1 நிலவரத்தைப் பார்த்து அவரை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். மிச்சம் இரண்டு பேர், வகுப்போ ஐந்து. அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் கூட்டத்துக்குப் போகிற நாளில் ஐந்து வகுப்புக்கும் ஒருவர்தான். படிப்பு இல்லை என்று போனோம், நாம் போனதால் படிப்பு இன்னும் குறைந்தது. மிச்சமிருந்த 60 பிள்ளைகளுக்கும் அதில் எந்தப் பங்கும் இல்லை.

தேர்ச்சி விகிதத்தைக் கேட்டுப் பயனில்லை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சிதான். மூன்றாம் வகுப்பில் 8 பிள்ளைகளே இருக்கிற பள்ளியில் ஒரு பிள்ளை தடுமாறினாலே 12.5 சதவீதம் இறங்கிவிடும். இத்தனை சின்ன எண்ணிக்கையை வைத்துப் பள்ளிக்குப் பள்ளி ஒப்பிடுவது சரியாக வராது.

'பிரதம்' அமைப்பு நடத்தும் 'ஏசர்' ஆய்வில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். கிராமங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளையின் கையில் இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைப் படித்தவர்கள் 2018-ல் 10.2 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் 4.8 சதவீதம். அந்த ஆண்டு நாடு முழுவதற்குமான கணக்கு 20.5. இதில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு என்பதைக் கவனியுங்கள். வேனில் போகிற பிள்ளைக்கு வாசிக்க வரும் என்று நாமாக நினைத்துக்கொள்வதற்கு இடமில்லை.

இந்தச் சோதனையை நாமே செய்து பார்க்கலாம். மக்ரிபுக்குப் பிறகு மக்தபிலிருந்து வந்த பிள்ளையிடம், அவன் இதுவரை பார்க்காத ஒரு பத்தியைக் கொடுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாகியிருக்கும். கூடவே கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்று. பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே, அங்கே படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இதைச் செய்து பார்க்கலாம். அரசுப் பள்ளி என்றால் ஆசிரியரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கிறதா, மொட்டா, மலரா? 2022-ல் வந்த இந்தத் திட்டத்தில் வகுப்பைப் பார்க்காமல், பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு முடியும்போதும் அரும்பிலேயே இருந்தால் அது கவலைப்பட வேண்டிய செய்தி.

சொல்லிக் கொடுப்பவர் நம்மவர் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு பத்ர் நினைவிருக்கட்டும். அங்கே கைதானவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதையே ஈட்டுத் தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

சலுகைகள் பற்றியும் தவறான செய்திகள் உலவுகின்றன. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் அரசுப் பள்ளிக் கணக்கு. ஆனால் அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழிச் சான்று கேட்கிறார்கள். அரசுப் பள்ளியிலேயே ஆங்கிலவழிப் பிரிவில் சேர்த்தாலும் இது கிடைக்காது. ஒன்று முதல் எட்டு வரை சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த மத்திய அரசின் உதவித்தொகையும் 2022-23-லிருந்து நின்றுவிட்டது. அதை நம்பித் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குக் கணக்குப் போட்ட குடும்பங்களுக்கு இது பெரிய அடி.

பிள்ளை ஏற்கெனவே அரசுப் பள்ளியில் இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள். ஆசிரியர் காலியிடம், கழிப்பறை, குடிதண்ணீர் எல்லாம் அங்கே எழுத்தில் கேட்கலாம். நம் தாய்மார்கள் தாராளமாக உட்காரலாம். ஜமாஅத்தார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஜூலைக்குள் மஹல்லாவில் ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, இன்னும் எங்கும் சேராதவர்கள் யார் என்று பார்த்துவிட்டால், ஆகஸ்ட் 1-க்கு முன் அந்தப் பள்ளியின் பதிவேட்டில் 60 இருக்கிறதா, 61 இருக்கிறதா என்பது நம் கையிலும் இருக்கும்.