தளர்ந்த கம்பியும் கருகிய கருவியும்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் 1931-ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. மின்சாரம் நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. ஆயினும் அதன் இயல்பை நாம் முழுதும் அறிந்துகொண்டோம் என்று சொல்வதற்கில்லை.

அண்மையில் குன்றத்தூரில் நெசவாளர் அங்கத்தினர் ஒருவரின் இல்லத்திற்குத் தவணை நிலுவை குறித்து விசாரிக்கச் சென்றிருந்தோம். சங்கக் கடனில் வாங்கிய குளிர்பதனப் பெட்டியும், முன்பே இருந்த தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரே மாலையில் கெட்டுவிட்டனவாம். பழுது பார்த்த செலவு தவணைப் பணத்தை விழுங்கியிருந்தது. "மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள், ஐயா" என்று அவர் வருந்தினார். பியூஸோ எரியவில்லை. அன்று தம் வீட்டு விளக்கு என்றுமில்லாத பிரகாசத்துடன் எரிந்ததாகவும், அதே வேளையில் பக்கத்துக் குடித்தனத்தில் விளக்கு மங்கியதாகவும் அவருடைய மனைவியார் கூறினார். அந்தச் சொல்லே உண்மையைக் காட்டிக் கொடுத்தது. மின்பணியாளரை அழைத்துப் பார்த்தபோது, மூன்று குடித்தனங்களுக்கும் பொதுவான மீட்டர் பலகையில் நியூட்ரல் கம்பியின் திருகு தளர்ந்து பச்சை பூத்திருந்தது.

இதன் காரணம் எளிது. ஒரு பேஸ் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். பொது நியூட்ரல் விட்டுப்போனால், வெவ்வேறு பேஸிலுள்ள வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்பங்கு சமமாக இராது. கிரைண்டரும் இஸ்திரிப் பெட்டியும் இயங்கும் வீட்டிற்கு அழுத்தம் குறையும். சிக்கனமாக மின்சாரம் செலவிடும் வீட்டிற்கு 300 வோல்ட்டுக்கு மேலும் ஏறக்கூடும். பியூஸ் மிகையான மின்னோட்டத்திற்கே உருகும். அழுத்தம் உயர்வதை அது அறியாது. குறைந்த அழுத்தமும் தீங்கே. குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் சுழலத் திணறிச் சூடேறும்.

விவசாய அங்கத்தினர்களும் இதனைக் கருத வேண்டும். மூன்று பேஸ் பம்புசெட்டில் ஒரு பேஸ் அறுந்தால், எஞ்சிய இரண்டிலும் மின்னோட்டம் மிகுந்து காயில் எரிந்துவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை எவரும் மறந்திரார். நீர் வடிந்தபின் பலகை உலர்ந்ததாகவே தோன்றும். ஆனால் திருகுகளில் தங்கிய ஈரம் இணைப்பை மெல்ல அரித்து, மாதங்கள் கழித்தும் கேடு விளைவிக்கும்.

ஆகவே அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பார்களாக. விளக்கு திடீரெனப் பிரகாசித்தாலும் மங்கினாலும் உடனே மெயின் சுவிட்சை அணைத்து, பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். வீட்டு வயரிங்கில் குறை இருப்பின் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். தெருக்கம்பியில் எனில் மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். பலகையைத் தாமே திறத்தல் ஆகாது. மழைக்காலத்திற்கு முன் திருகுகளைச் சோதிக்கச் செய்யுங்கள். அழுத்தம் மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவியை வீட்டிலும், பேஸ் விட்டுப்போனால் மோட்டாரை நிறுத்தும் கருவியைப் பம்புசெட்டிலும் பொருத்துங்கள்.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். கருவி வாங்கக் கடன் வழங்குமுன், வீட்டு வயரிங் சோதிக்கப்பட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கருவி கருகிவிடும், கடன் கருகுவதில்லை.