நோவு தணிக்கும் மருந்தும் தாதியின் கவனிப்பும்

நோயாளிக்கு வேண்டிய மருந்தை வைத்தியர் எழுதிவிட்டுச் செல்கின்றார். அதன் பின்னர் இரவும் பகலும் அந்த நோயாளியின் அருகே நிற்பவர் தாதியே. நோவு குறைந்ததா, மருந்து உடலுக்கு ஒத்துக்கொண்டதா, ஆபத்து ஏதும் தலைகாட்டுகின்றதா என்பதை முதலில் காண்பவரும் அவரே. எனவே நோவு தணிக்கும் மருந்தின் பாதுகாப்பு, பெருமளவுக்குத் தாதியின் கவனிப்பிலேயே தங்கியிருக்கின்றது. இதனை நோயாளர்களும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினரும் விளங்கிக்கொள்வது பயன் தரும்.

முதலில் கேட்டறிதல்

எமது கிராமங்களில் நோவை வெளியே சொல்லத் தயங்குவோர் பலர். "பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம்" என்பார்கள். தாதிக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று பேசாமல் இருப்பவர்களும் உண்டு. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் நோவைப் பொறுத்துக்கொண்டு கிடப்பவர் ஆழமாகச் சுவாசிக்கமாட்டார், இருமிச் சளியை வெளியேற்றமாட்டார், எழுந்து நடக்கவுமாட்டார். இதனால் நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா ஏற்படவும், கால் நாளங்களில் இரத்தம் உறையவும் இடமுண்டு. ஆகவே நோவைத் தணிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

இரத்த அமுக்கத்தை அளக்கக் கருவி உண்டு; நோவை அளக்க அப்படியொன்று இல்லை. நோயாளி சொல்வதையே நோவின் அளவாக ஏற்கவேண்டும் என்று அமெரிக்கத் தாதியான மார்கோ மக்கெஃபரி 1968ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். நோவே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10 என வைத்து, "இப்போது உங்கள் நோவு எத்தனை?" என்று கேட்பது எளிய முறையாகும். சிறு பிள்ளைகளுக்குச் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரையான படங்களைக் காட்டலாம். பேச முடியாதவரின் முகச் சுளிப்பு, முனகல், தொடும்போது உடலை இழுத்துக்கொள்ளுதல் ஆகியவற்றைத் தாதி கவனிப்பார்.

கொடுக்கும் முன்னர்

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்னும் ஐந்தையும் தாதி உறுதிசெய்துகொள்கின்றார். முன்னர் ஏதும் மருந்து ஒவ்வாமல் போனதா, வயிற்றுப்புண், ஈரல் அல்லது சிறுநீரக நோய் உண்டா, வீட்டில் வேறு என்ன குளிசை எடுத்தார் என்றும் விசாரிப்பார். இவற்றை மறைக்காமல் சொல்லவேண்டும்.

சாதாரணமாக நாம் பயன்படுத்தும் பரசிற்றமோல் குளிசையிலும் எல்லை உண்டு. வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசைகள் எட்டுக்கு மேல், அதாவது 4 கிராமுக்கு மேல், எடுக்கக்கூடாது. உடல் மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயாளருக்கும் மது அருந்துவோருக்கும் இந்த எல்லை இன்னும் குறையும். தடிமல் மருந்துகள் பலவற்றிலும் பரசிற்றமோல் கலந்திருப்பதால், அறியாமலே இரட்டிப்பு அளவு எடுத்து ஈரலைக் கெடுத்துக்கொள்ள நேரலாம். பிள்ளைகளுக்கு வயதைப் பார்த்தல்ல, நிறையைப் பார்த்தே அளவு தீர்மானிக்கப்படும். டெங்குக் காய்ச்சல் எனச் சந்தேகம் இருந்தால் அஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்குளோபெனக் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். இவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை.

மோர்பீனும் எமது அச்சமும்

1986ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் நோவுக்கென மூன்று படிகளைக் காட்டியது. முதற்படியில் பரசிற்றமோல் போன்றவை; அடுத்து கோடீன் போன்றவை; கடும் நோவுக்கு மோர்பீன். இயன்றவரை வாயால் கொடுக்கவேண்டும், நோவு வரும்வரை காத்திராமல் மணி பார்த்துக் கொடுக்கவேண்டும் என்றும் அது கூறியது. சாதாரண மோர்பீன் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுவது இதனாலேயே.

"மோர்பீன் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், இனி முடிவுதான்" என்று அஞ்சி மருந்தை மறுக்கும் குடும்பங்கள் உண்டு. கடும் நோவுக்கு, சரியான அளவில், கண்காணிப்போடு கொடுக்கப்படும்போது இந்த ஆபத்து குறைவு. ஆனால் ஆபத்தே இல்லை என்றும் கூறமுடியாது. 1990களின் பிற்பகுதியிலிருந்து ஐக்கிய அமெரிக்காவில் இவ்வகை மருந்துகள் நீடித்த சாதாரண நோவுகளுக்கும் தாராளமாக எழுதப்பட்டன. அதனால் பெருந்தொகையானோர் அடிமையாகினர், பலர் உயிரிழந்தனர். அஞ்சி மறுப்பதும் தவறு; கவனிப்பின்றிக் கொடுப்பதும் தவறு.

இங்கேதான் தாதியின் கண் தேவைப்படுகின்றது. மோர்பீனின் அளவு மிஞ்சினால் சுவாசம் குறையும். பெரும்பாலும் அதற்கு முன்னரே தூக்கம் மிகும். கூப்பிட்டால் கண் திறக்கின்றாரா, பேசும்போதே உறங்கிப்போகின்றாரா என்று தாதி பார்ப்பார். ஒரு நிமிடம் முழுவதும் சுவாசத்தை எண்ணுவார். வளர்ந்தவர்களுக்கு 12 முதல் 20 வரை வழமையானது. எழுப்பக் கடினமாகி, சுவாசமும் 10இலும் குறைந்தால் அடுத்த அளவை நிறுத்தி உடனே வைத்தியரை அழைப்பார். இதற்கு நலொக்சோன் என்னும் மாற்று மருந்து உண்டு. மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வருமாதலால் மலமிளக்கியையும் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுவார். ஊசி என்றால் அரை மணித்தியாலத்தில், குளிசை என்றால் ஒரு மணித்தியாலத்தில் மீண்டும் வந்து, நோவு எத்தனைக்குக் குறைந்தது எனக் கேட்டுப் பதிவார்.

உகண்டாவின் அனுபவம்

தாதியரிடம் இவ்வளவு பொறுப்பை ஒப்படைக்கலாமா என்று கேட்போருக்கு உகண்டா நல்ல எடுத்துக்காட்டு. கிராமங்களில் வைத்தியர்கள் மிகக் குறைவான அந்நாட்டில், 1993ஆம் ஆண்டில் வைத்தியர் ஆன் மெரிமன் 'ஹொஸ்பிஸ் ஆபிரிக்கா உகண்டா' என்னும் நிலையத்தைத் தொடங்கினார். மோர்பீன் தூளை நீரில் கரைத்துக் குறைந்த செலவில் பாணி மருந்தாகக் கொடுத்தனர். 2004ஆம் ஆண்டில் சட்டம் மாற்றப்பட்டு, சிறப்புப் பயிற்சி பெற்ற தாதியர் தாமே மோர்பீன் எழுதிக்கொடுக்க அனுமதிக்கப்பட்டனர். நோயாளி கிடக்கும் வீட்டுக்கே நிவாரணம் சென்றது. அந்த அனுமதி பயிற்சிக்குப் பின்னரே வழங்கப்பட்டது என்பதையும் நாம் மனங்கொள்ள வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியதும் தாதியின் இடத்தில் நாமே நிற்கின்றோம். ஒரு கொப்பியில் மருந்து கொடுத்த நேரம், அளவு, நோவின் எண், மலம் கழித்த நாள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். ஒருவருக்குக் கொடுத்த மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டாம். மோர்பீனைப் பிள்ளைகளுக்கு எட்டாதவாறு பூட்டிவையுங்கள். மிஞ்சியதை வைத்தியசாலையிலேயே ஒப்படையுங்கள். நெடுநாள் எடுத்த மருந்தைத் திடீரென நிறுத்தவேண்டாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியைத் தாதியிடம் காட்டுங்கள். அளவைக் கூட்டுவதா குறைப்பதா எனத் தீர்மானிக்க வைத்தியருக்கு அதுவே பெரிதும் உதவும்.