அந்நியக் கார் எது?

அமெரிக்கக் கார்த் தொழிலின் சரிவைப் பேசுகிறவர்கள் ‘அந்நிய / உள்நாட்டு’ என்ற எதிர்விலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அந்த எதிர்வின் மீதே சந்தேகம்.

1982 ஜூனில், டெட்ராய்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில், வின்சென்ட் சின் என்ற இளைஞர் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொல்லப்பட்டார். தாக்கிய இருவரில் ஒருவர் கிரைஸ்லரில் மேற்பார்வையாளர். மற்றவர் கார் ஆலையில் வேலை போனவர். உங்களாலதான் எங்களுக்கு வேலை போச்சு என்று கத்தியதாக ஒரு சாட்சி சொன்னார். செத்தவர் ஜப்பானியர்கூட இல்லை, சீன வம்சாவளி. தண்டனை 3000 டாலர் அபராதமும் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும். ஜெயில் கிடையாது.

அதே கிரைஸ்லர் 1971 முதல் ஜப்பானின் மிட்சுபிஷி செய்த கார்களை ‘டாட்ஜ் கோல்ட்’ என்று பெயர் ஒட்டி விற்றுவந்தது! மூலதனத்துக்கு இல்லாத தேசம் தொழிலாளியின் கையில் மட்டையாகிறது.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடியபோது பழி தொழிலாளி மேல் விழுந்தது: குடிக்கிறான், லீவு போடுறான். 1984இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதையே திறந்தார்கள். பெரும்பாலும் அதே ஆட்கள், அதே யூனியன். நிர்வாகம்தான் வேறு, கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வந்தது. தரம் ஜப்பான் ஆலைகளை நெருங்கியது. அப்படியானால் முன்பு கெட்டிருந்தது யார்?

டொயோட்டாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நிமிடத்தில் 57 விநாடி உழைப்பைக் கறந்த முறை அது. 2010இல் அந்த ஆலையும் மூடப்பட்டது. இன்று அங்கே இருப்பது டெஸ்லா. சுத்தமான உள்நாட்டுக் கம்பெனி, யூனியன்தான் இல்லை.