பூட்டு கதவுக்கா, சைக்கிளுக்கா?

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிறது மேல்சித்தாமூர். வெளியூர்க்காரர்களுக்கு அது தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் கோயிலும் உள்ள ஊர். சுற்றுவட்டாரத்தில் நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலை) விளைகின்றன. இப்படிப்பட்ட ஊர்களில் சைக்கிளுக்கென்று யாரும் தனி அறை கட்டுவதில்லை. மாட்டுக்கொட்டகையின் ஓர் ஓரம், வீட்டுச் சுவரை ஒட்டித் தகரம் போட்ட சாய்ப்பு, உரமூட்டையும் மருந்தடிக்கும் ஸ்பிரேயரும் கிடக்கும் ஷெட் என்று எங்கே நிழல் உண்டோ அங்கே சைக்கிள் ஒண்டிக்கொள்ளும்.

கடைத்தெருவில் நிறுத்தினால் மறக்காமல் பூட்டுகிறவர், ஷெட்டுக்குள் தள்ளிய பிறகு சாவியைத் தொடக்கூட மாட்டார். கேட்டால், "உள்ளதான நிக்குது" என்பார். திருடனுக்கு இந்த நினைப்பு போதும். தெருவில் உட்கார்ந்து பூட்டைக் குடைந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். ஷெட்டுக்குள் புகுந்துவிட்டாலோ கதவே அவனுக்கு மறைப்பாகிவிடும். கடப்பாரை, ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் கைக்கெட்டும் உயரத்தில் வீட்டுக்காரரே மாட்டி வைத்திருப்பார்.

ஷெட்டில் இருந்து போனால் என்ன, தெருவில் இருந்து போனால் என்ன, சைக்கிள் போனது போனதுதானே என்று தோன்றலாம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு சாதாரணத் திருட்டைப் பற்றியது. திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளி முதல்முறை தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான். அதைவிட முக்கியமானது ஒன்று: 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. புகாரைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, புகார் கொடுத்தவரை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பிவைக்க வேண்டும்.

305ஆம் பிரிவு வேறு. மனிதர் குடியிருக்கும் கட்டடத்தில், அல்லது பொருள்களைப் பாதுகாத்து வைக்கப் பயன்படும் கட்டடத்தில் நடக்கும் திருட்டு அதில் வருகிறது. ஏழு ஆண்டு வரை சிறை. போலீஸ் நேரடியாகவே வழக்குப் பதியலாம். 5,000 ரூபாய்க் கணக்கு அங்கே கிடையாது. வழிபாட்டுத் தலத்தில் சிலை திருடுவதும் இதே பிரிவில்தான் இருக்கிறது. சுவரும் கதவும் உள்ள ஷெட்டில் இருந்து சைக்கிள் போயிருந்தால், புகாரில் அந்த இடத்தைத் தெளிவாக எழுதுவது எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே புரியும். "சைக்கிளைக் காணோம்" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் அந்த வித்தியாசம் பதிவாகாமல் போய்விடும்.

இந்த 5,000 ரூபாய்க் கோடு தமிழ்நாட்டில் யாரைத் தொடுகிறது என்று பார்த்தால் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கும். பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் தரும் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளோடு தொடங்கிப் பிறகு மற்றவர்களுக்கும் விரிந்தது. 2022 ஜூலையில் தொடங்கிய சுற்றில் சுமார் 6.35 லட்சம் பேருக்கு ஏறத்தாழ 323 கோடி ரூபாய்ச் செலவு. வகுத்துப் பார்த்தால் ஒரு சைக்கிள் 5,080 ரூபாய் அளவில் வருகிறது. புதிதாக இருக்கையில் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே. ஒரு மழைக்காலம் ஓட்டினால் கோட்டுக்குக் கீழே. ஐயாயிரம் என்பது நீதிமன்றத்துக்குச் சின்னத் தொகையாக இருக்கலாம். பஸ் அடிக்கடி வராத ஊரில் இருந்து பிளஸ் டூ படிக்கப் போகும் பெண்ணுக்கு அது இரண்டு வருடப் படிப்பு.

ஆகவே காவலைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு முதலில் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் சைக்கிள்களில் பின்சக்கரத்தை வளைத்துப் பிடிக்கும் பூட்டு சக்கரம் சுற்றாமல் தடுக்கும், அவ்வளவே. சைக்கிளை யாராவது தூக்கிக்கொண்டு போவதை அது தடுக்காது. சுமார் பதினைந்து, இருபது கிலோ எடையை ஒருவர் தோளில் போட்டுக்கொள்ளலாம். மினி வேன் இருந்தால் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கேபிள் பூட்டு, பார்க்கத் தடிமனாக இருந்தாலும் உள்ளே முறுக்கிய கம்பிதான். நல்ல கட்டர் இருந்தால் சில நொடி வேலை.

கெட்டியான யு வடிவப் பூட்டு அமெரிக்காவில் 1970களில் பரவியது. கிரிப்டோனைட் என்ற நிறுவனம் 1972இல் நியூயார்க்கில் ஒரு சைக்கிளைக் கம்பத்தோடு பூட்டி ஒரு மாதம் அப்படியே விட்டது. மாதக் கடைசியில் பூட்டும் சைக்கிளின் சட்டமும் (ஃபிரேம்) அங்கேயே இருந்தன. கழற்ற முடிந்த பாகங்களைத்தான் காணோம். இந்தப் பெருமைக்கு 2004இல் சோதனை வந்தது. அதே நிறுவனத்தின் உருளைச் சாவிப் பூட்டுகளைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் குழாயைச் செருகித் திறந்துவிடலாம் என்பது வெளியே தெரிந்து, லட்சக்கணக்கான பூட்டுகளை இலவசமாக மாற்றித்தர வேண்டியதாயிற்று. இரும்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சாவித்துளை பலவீனமாக இருந்தால் பயனில்லை. இந்த விஷயத்தில் நம் திண்டுக்கல் பூட்டுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நெம்புகோல்களை அடுக்கிக் கையால் செய்யப்படும் அந்தப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஷெட் கதவுக்கு அதில் ஒன்றை மாட்டுவது வீண்போகாது.

ஆனால் திண்டுக்கல் பூட்டையே மாட்டினாலும், அதைத் தாங்கும் கொண்டியை நாலு சின்ன ஸ்குரூவில் பலகையோடு நிறுத்தியிருந்தால்? திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கொண்டியோடு கழற்றி வைத்துவிட்டுப் போவான். கதவை ஊடுருவி, உள்பக்கம் நட்டு போட்டு முடுக்கிய போல்ட் வேண்டும். வெளியே தெரியும் தலை வழவழப்பாக, எந்த ஸ்பேனரும் பிடிக்காததாக இருக்க வேண்டும். கீல்களையும் அப்படியே பார்க்க வேண்டும். கூரை தகரமாக இருந்தால் ஓரத்து ஷீட்டின் கொக்கி போல்ட்டுகளை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது சைக்கிளுக்கே பூட்டு. கதவு பூட்டியிருக்க இது எதற்கு என்று கேட்கலாம். செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் ஒரே மதிலை நம்பவில்லை. மதிலுக்குள் மதில், வாசலுக்குப் பின் வாசல், ராஜகிரி உச்சிக்குப் போகுமுன் ஆழமான பிளவு, அதன்மேல் மரப்பாலம். 1690இல் முற்றுகையைத் தொடங்கிய மொகலாயப் படைக்குக் கோட்டை கைக்கு வர 1698 ஆகிவிட்டது. அதற்குள் உள்ளே இருந்த மராட்டிய மன்னர் இராஜாராம் தப்பிவிட்டார். சைக்கிள் திருடனிடம் எட்டு வருடம் இல்லை, எட்டு நிமிடம் இருந்தாலே அதிகம். ஒவ்வொரு தடையும் அதில் ஒன்றிரண்டு நிமிடத்தைத் தின்றால் போதும்.

ஷெட்டின் சிமென்ட் தரையிலோ சுவரிலோ கெட்டியான இரும்பு வளையம் ஒன்றைப் பதித்து, கடினப்படுத்திய எஃகுச் சங்கிலியால் சைக்கிளின் சட்டத்தையும் பின்சக்கரத்தையும் அதோடு சேர்த்துப் பூட்டலாம். வளையம் பதிக்க வழியில்லாத வீட்டில் கருங்கல் தூண் இருந்தால் அதுவே போதும். (ஆட்டுக்கல் கனமானதுதான், ஆனால் சங்கிலி நழுவி வந்துவிடும்.) சங்கிலி தரையில் தொங்கிக் கிடக்கக் கூடாது. தரையில் கிடந்தால் சம்மட்டிக்கு அடிக்கல் கிடைத்த மாதிரி. கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி உடம்பு எடையைப் போட்டு அழுத்தவும் வசதி. வீட்டில் இரண்டு மூன்று சைக்கிள் இருந்தால் ஒன்றோடொன்று பின்னிப் பூட்டிவிடலாம். கடப்பாரையும் ஸ்பேனரும் வீட்டுக்குள் போகட்டும். நிலைப்படி ஆணியில் தொங்கும் மாற்றுச் சாவியும்தான்.

இவ்வளவு செய்தும் சைக்கிள் போய்விட்டால், கிடைத்த சைக்கிள் தன்னுடையது என்று எப்படிக் காட்டுவது? மோட்டார் பைக்குக்கு ஆர்.சி. புக் உண்டு. சைக்கிளுக்கு எதுவும் இல்லை. ஒரே சுற்றில் கொடுக்கப்பட்ட பள்ளிச் சைக்கிள்கள் நிறத்திலும் உருவத்திலும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். ஒரு காலத்தில் நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு சின்னத் தகடு கொடுத்தன. அதை யாரும் காவலாக நினைக்கவில்லை, தொல்லையாகவே நினைத்தார்கள். தகடு ஒழிந்தபோது அடையாளமும் சேர்ந்து ஒழிந்தது. ஜப்பானில் 1994 முதல் ஒவ்வொரு சைக்கிளையும் திருட்டுத் தடுப்புப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். நம் வாடகை சைக்கிள் கடைக்காரர்கள் சட்டம் எதுவும் இல்லாமலே இதைச் செய்தார்கள்: மட்கார்டில் கடைப் பெயர், பக்கத்தில் கொட்டை எழுத்தில் எண்.

தொழிற்சாலை எண் ஒன்று சைக்கிளின் சட்டத்திலேயே இருக்கும். பெரும்பாலும் பெடல் அச்சு இருக்கும் குழாயின் அடியில். சிலவற்றில் சீட்டுக்குக் கீழே. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் கிரீஸையும் சேற்றையும் துடைத்தால் தெரியும். படம் எடுத்துச் செல்போனில் வைத்துக்கொள்ளலாம். கடை ரசீது இருந்தால் அதன் பின்புறம் எழுதலாம். பெயின்ட் மூடி எண் மங்கியிருந்தால் கல்வெட்டைப் படியெடுப்பது போன்ற ஒரு வழி இருக்கிறது: வெள்ளைத்தாளை எண்ணின் மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தால், எழுத்து ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வரும்.