உடல் நன்றாக இருக்கும்போதே பரிசோதனை

“உடம்புக்கு ஒன்றுமில்லையே, பிறகு எதற்குப் பரிசோதனை?” நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உண்மையில், புற்றுநோய்த் தடுப்புப் பரிசோதனை அப்படி நினைப்பவர்களுக்கானதுதான். கட்டியோ இரத்தக்கசிவோ ஏற்கெனவே தெரிந்தால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

இங்கு யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்பதை 1968 முதல் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் கணக்கெடுத்து வருகிறது. அதைத் தொடங்கியவர் நோயியல் பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம். அதிபர் தர்மனின் தந்தை. பதிவகக் கணக்குப்படி, பெண்களை அதிகம் தாக்குவது மார்பகப் புற்றுநோய். பெருங்குடல் புற்றுநோய் ஆண், பெண் இருபாலரிடமும் முன்வரிசையில் உள்ளது.

பல ஆண்டு அவகாசம்

பெருங்குடல் புற்றுநோய் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. குடலின் உட்சுவரில் ‘பாலிப்’ எனும் சிறு சதை வளர்ச்சி தோன்றி, அவற்றில் சில பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறுகின்றன. இடையில் கண்டுபிடித்து அகற்றினால் நோயே வராமல் தடுக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் உள்ளதா என்பதை ‘எஃப்ஐடி’ பரிசோதனை காட்டும். மாதிரியை வீட்டிலேயே எடுத்து அனுப்பலாம். 50 வயது முதல் ஆண்டுக்கொரு முறை இதைச் செய்யவேண்டும். 50 வயதைக் கடந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இதற்கான பெட்டியை இலவசமாக வழங்குகிறது. இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் பதற்றம் வேண்டாம், மூலநோயாகவும் இருக்கலாம். ஆனால், குடல் உள்நோக்கிச் சோதனையைத் தவிர்க்கக்கூடாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால், முன்னதாகவே தொடங்குவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

பெண்கள் தள்ளிப்போடக்கூடாதவை

50 முதல் 69 வயது வரையிலான பெண்கள் ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் செய்யவேண்டும். அவர்களில் பாதிப்பேர்கூட உரிய நேரத்தில் செய்வதில்லை என்கின்றன தேசிய ஆய்வுகள். பேரப்பிள்ளை, சமையல், கணவரின் மருந்து எல்லாவற்றையும் கவனிப்பவர் தம்மைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் எச்பிவி கிருமி. உயர்நிலை ஒன்றில் பயிலும் மாணவிகளுக்கு 2019 முதல் பள்ளியிலேயே இலவசத் தடுப்பூசி போடப்படுகிறது. தடுப்பூசி போட்டிருந்தாலும், 25 வயது முதல் பேப் சோதனையும் 30 வயது முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்பிவி சோதனையும் தேவை.

தேக்காவில் கிடைக்கும் வெற்றிலை

விருந்துக்குப் பின் வெற்றிலை போடுவது நம் வழக்கம். புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துள்ளது. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புகை, மது, பதப்படுத்திய இறைச்சி, கூடுதல் உடல் எடை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

யார் முன்பதிவு செய்வது?

‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்கு, தேசிய அளவில் பரிந்துரைக்கப்படும் பரிசோதனைகள் இலவசம். ஆகவே, பலரைத் தடுப்பது பணம் அல்ல, நேரமும் தயக்கமும்தான். வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் இங்கு உதவலாம். குடும்ப மருந்தகத்தை அழைத்து அம்மா, அப்பா இருவருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்குங்கள். “போய்ப் பாருங்கள்” என்பதைவிட, “சனிக்கிழமை நானும் வருகிறேன்” என்ற சொல்லுக்குப் பலன் அதிகம்.