ஊவா நீரும் அயன் தெரிந்தெடுக்கும் மின்வாய்களும்

ஊவா மாகாணத்து நீர் ஒரு தன்மைத்தன்று. அப்புத்தளை, பண்டாரவளை, பசறை முதலிய மலைத் தோட்டங்களிலே மக்கள் பருகுவது பெரும்பாலும் ஊற்று நீர். மலைச்சரிவிற் கசிந்து, பீலிவழி வந்து லயன்களை அடையும் அந்நீர் பாறையோடு நெடுநாள் தங்கியதன்று. ஆதலின் அதிற் கரைந்துள்ள உப்புக்கள் சிலவே. அதற்கு நேரும் கேடு பெரிதும் கிருமிகளால் வருவது. கொதிக்க வைத்தலும் குளோரீன் இடுதலுமே அதற்குத் தக்க பரிகாரம். ஈண்டு விளக்கப்புகும் மின்வாய்கள் அங்கே வேண்டப்படுவனவல்ல.

பதுளையிலிருந்து மலையிறங்கி, மகியங்கனைப் பக்கத்துக் கிராந்துருகோட்டைக்கோ மொனராகலை மாவட்டத்து வறண்ட ஊர்களுக்கோ சென்றால் நிலை மாறுகின்றது. குழாய்க்கிணற்று நீர் கண்ணுக்குத் தெளிவாயிருப்பினும், மைக்கா, அப்பற்றைற்று முதலிய கனிப்பொருள்களிலிருந்து கரைந்த புளோரைட்டும், கல்சியம், மகனீசியம் ஆகியவற்றாலாய வன்மையும் பல இடங்களில் அதனுள் மிகுந்துள்ளன. சிறுவர் பற்களிற் படியும் கபில நிறக் கறை புளோரைட்டு இட்ட முத்திரையாகும். 1990களில் வட மத்திய மாகாணத்திலே கவனத்துக்கு வந்த, காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் கிராந்துருகோட்டையையும் பற்றியுள்ளது. நீரே அந்நோய்க்குக் காரணம் என்பதில் அறிஞர் ஒருமுகப்பட்டாரல்லர். எனினும் புளோரைட்டும் வன்மையும் ஐயத்துக்குரியனவற்றுள் எண்ணப்படுகின்றன.

சவ்வினூடே நீரை அழுத்திப் பிழியும் பொறிகள் நோய் பரவிய ஊர்களிற் பல நிறுவப்பட்டுள்ளன. அவை தீயனவற்றோடு நல்லனவற்றையும் நீக்கிவிடுகின்றன. புகுந்த நீரில் ஒரு பங்கினைக் கழிவாகவும் தள்ளுகின்றன. வேண்டாத அயனை மட்டும் களையும் வழி உண்டா என்பதே வினா.

நீரிற் கரைந்த உப்பு, மின்னேற்றமுடைய துணிக்கைகளாகப் பிரிந்து நிற்கின்றது. அத்துணிக்கைகளே அயன்கள். நுண்துளை நிறைந்த இரு காபன் தகடுகளை நீரில் அமைத்து ஏறத்தாழ 1.2 உவோற்று அழுத்தத்தை ஊட்டினால், நேரேற்ற அயன்கள் ஒரு தகட்டையும் எதிரேற்ற அயன்கள் மற்றையதையும் நாடிச் சென்று துளைகளில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தத்தை மிக உயர்த்தின் நீரே ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியத் தலைப்படும். மின்னை நீக்கியதும் அயன்கள் வெளிப்படும். மின்வாய் மீண்டும் தொழிலுக்கு ஆயத்தமாகும். அமெரிக்காவிலே பிளேயர், மேர்பி என்போர் 1960இல் இதனை ஆராய்ந்தனர். 1990களில் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தார் காபன் நுரைகளைக்கொண்டு இம்முறைக்குப் புத்துயிரளித்தனர்.

இலங்கையின் பென்சிற்கரி உலகப் புகழ் பெற்றதாயினும் ஈண்டு நேரே பயன்படாது. அதனிடத்து வேண்டிய துளைகள் இல்லை. தேங்காய்ச் சிரட்டைக் கரியை உயிர்ப்பூட்டிப் பெறும் காபனோ ஒரு கிராமில் ஏறத்தாழ 1000 சதுர மீற்றர், அஃதாவது கால் ஏக்கர் அளவான பரப்பை உள்ளடக்கியது. நம் நாடு அதனை ஆக்கிப் பிறநாடுகளுக்கு அனுப்பி வருகின்றது.

ஆயினும் வெறுங் காபன் புளோரைட்டைத் தெரிந்தெடுக்க வல்லதன்று. ஓர் இலீற்றர் நீரில் 2 மில்லிகிராம் புளோரைட்டும், கல்சியங் காபனேற்றளவில் 300 மில்லிகிராம் வன்மையும் உளவெனக் கொள்வோம். புளோரைட்டின் ஓர் ஏற்றத்துக்கு ஏனைய எதிரேற்றங்கள் 50க்கு மேற்பட்டவை அந்நீரில் இருக்கும். தெரிவில்லா மின்வாய் அந்த ஒன்றைப் பிடிக்க அத்தனைக்கும் மின் செலவிட வேண்டும். இலங்கைத் தரம் புளோரைட்டுக்கு வகுத்த எல்லை இலீற்றருக்கு 1 மில்லிகிராம். அவ்வெல்லையை எட்ட இந்நீரின் உப்பனைத்தையும் பாதியாக்க நேரும். அதுவும் புளோரைட்டு ஏனையவற்றோடு ஒப்ப வெளியேறினாற்றான். உண்மையில் அது பின்தங்கும். குளோரைட்டினும் சிறிய அயனாயிருந்தும், தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொண்டிருத்தலின் குறுகிய துளையுட் புகத் தயங்குகின்றது. நைத்திரேற்றோ தட்டையானது, நீர்ப்போர்வையை எளிதிற் களைவது. ஆதலாற்றான், மிக நுண்ணிய துளைகளையுடைய காபன் நைத்திரேற்றை விரும்பி ஏற்பதனை மேற்கூறிய ஆய்வுகூடத்தார் 2019இற் காட்டினர். உரம் மிகுதியாக இடப்படும் வெலிமடை மரக்கறித் தோட்டங்களின் கிணறுகளை எண்ணுவார்க்கு இது கருதத்தக்க செய்தி. வன்மையைப் பொறுத்தவரை காலமே தெரிவுக்குத் துணை: முதலிற் சோடியம் துளையுட் புகும், பொழுது செல்ல, இரட்டை ஏற்றமுடைய கல்சியம் அதனை வெளியேற்றி அவ்விடத்தைக் கொள்ளும்.

புளோரைட்டுக்கு வழி காட்டுவது அது விளைக்கும் நோயே. பல்லும் எலும்பும் ஐதரொட்சியப்பற்றைற்று என்னும் கல்சியம் பொசுபேற்றினால் ஆயவை. அதிலுள்ள ஐதரொட்சில் அயனின் இடத்தைப் புளோரைட்டு கவர்ந்து கொள்வதனாலேயே அது உடலிற் தங்குகின்றது. அக்கனிப்பொருளையே காபனோடு கலந்து மின்வாயாக்கினால், பல்லைத் தேடும் அயன் மின்வாயில் அகப்படும். கிராபீன் என்னும் மென்றகட்டுக் காபனோடு இதனைச் சேர்த்து ஆய்வுகூடத்திற் பயன் கண்டுள்ளனர். அலுமினாப் பூச்சும் புளோரைட்டை விரும்புவதே. ஆனால் இருகாபனேற்று மிகுந்த கிணற்று நீரில் அதன் ஆற்றல் குறையும். தூய நீரிற் புளோரைட்டை மட்டும் கரைத்துச் செய்த சோதனையைக் கொண்டு கிராந்துருகோட்டைக் கிணற்றுக்கு விடை கூறல் ஆகாது.

வேறு இரு தடைகளும் உள. நேர் மின்வாயின் காபன் நாளடைவில் ஒட்சியேற்றமடைந்து தேய்கின்றது. மின்வாயைக் கழுவிய நீரிலே, பிடிபட்ட புளோரைட்டு முழுதும் செறிந்து நிற்கும். அதனைக் கிணற்றருகே ஊற்றினால் அது மண்வழி மீண்டும் கிணற்றையே சேரும். ஆதலின் அச்சிறு கழிவினைத் தனித் தொட்டியிற் சேர்த்து, சுண்ணாம்பிட்டுக் கல்சியம் புளோரைட்டாகப் படியச் செய்து அகற்றல் வேண்டும்.